உனைசியின் சக்களத்தி

எங்கள் அண்ணி உனைசிக்கு வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு சக்களத்திதான். அவள் இரண்டு ஆள் உயரம் இருப்பாள். அசையமாட்டாள், பேசமாட்டாள், தலையில் ஒரு கொத்துப் பெரணிச் செடி முளைத்திருக்கும். வைலோமா ஊருக்கு மேலே, எங்கள் முன்னோர் குடியிருந்த பழைய மேட்டில், எந்தக் காலத்திலோ நட்டு நிற்கும் நெட்டைக் கல் அவள். ஊரில் அவளுக்குப் பெயர் மூத்தாள்.

தலைநகர் சுவாவிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் படித்த பிள்ளைகள் வருகிறார்கள். கல்லை அளக்கிறார்கள், சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிறார்கள், உயரம் எழுதுகிறார்கள், வயதும் எழுதுகிறார்கள். உனைசியைப் பற்றி ஒருவனும் ஒரு வரி எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். எனக்குப் படிப்பு கொஞ்சம்தான். ஆனால் நாங்கள் இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டை முதுகில் சுமந்து, ஆற்றை நீந்திக் கடந்து சந்தைக்குப் போன இந்த சகியூசாவுக்கு இன்று லபாசா சாலையில் இரண்டு லாரி ஓடுகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் முதல் சிமெண்டு வீடு கட்டியவன் நான். அதன் கூரையைப் பிடுங்க வந்த புயல் தோற்றுப்போய்ப் பக்கத்து வீட்டுக் கூரையை எடுத்துக்கொண்டு போனது. லாரியின் நெற்றியில் பெயர் எழுத ஆள் கிடைக்காமல் நானே எழுத்தைப் பழகினேன். அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு லாரிக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். அப்படிப்பட்ட கைக்கு ஓர் அண்ணியைப் பற்றி எழுத வராதா?

மூத்தாள் சங்கதி இதுதான். எங்கள் முதல் பாட்டன் மலை தாண்டி வந்தபோது கூட வந்த மனைவி, இதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டேன் என்று அந்த மேட்டில் நின்றுவிட்டாளாம். நின்றவள் நின்றவள்தான். அவன் ஆற்றோரம் இறங்கி வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். ஆனாலும் காலையில் மேட்டில் ஏறி மூத்தாளைப் பார்க்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்து மூத்த ஆண் அவளுக்குப் புருஷன். அவன் கட்டிக்கொண்டு வருகிறவள் இளையாள். எங்கள் உபதேசியாருக்கு இது பிடிக்காது. ஆனால் அவரும் வைலோமாக்காரர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பிடிக்காது.

என் அண்ணன் எமோரி அப்படி ஒரு புருஷன். வேறு வேலை என்று அவனுக்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. நாலு பாத்தி சேப்பங்கிழங்கு, கொஞ்சம் மரவள்ளி, ஒரு கட்டுமரம். சிரித்த முகம். அந்த முகத்தைப் பார்த்துத்தான் லாவ் தீவுக்காரி ஒருத்தி, பாய் முடைவதில் பெயர் வாங்கிய குடும்பத்துப் பெண், கப்பலேறி எங்கள் ஊருக்கு வந்தாள். கூடவே பாய்கள் வந்தன. அடுக்கினால் இடுப்பு உயரம். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பாய்க்குச் சிவப்பும் பச்சையுமாகக் கம்பளி நூல் விளிம்பு. அதை முடைய அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்றாம்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் எமோரி அந்த மேல் பாயைச் சுருட்டித் தோளில் வைத்தான்.

“எங்க தூக்கிட்டுப் போற?” என்றாள் உனைசி.

“மூத்தாளுக்கு.”

“யாரு அது?”

“மேல இருக்கா. புதுப் பொண்டாட்டி வந்தா முதல் பாய் அவளுக்குத்தான். வழக்கம்.”

உனைசி வாசலைத் தாண்டி ஊர் நடுப் புல்வெளிக்கு ஓடிவந்து இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு கத்தினாள். “இந்த ஆளுக்கு ஏற்கெனவே பொண்டாட்டி இருக்கா! எங்கப்பன்கிட்ட ஒருத்தனும் வாயத் திறக்கலியே, பாவிங்களா!”

பெண்கள் சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடியே, அவ கல்லுடி” என்றாள்.

“கல்லா இருந்தா அவளுக்கு என் பாய் எதுக்குடி?”



அன்றைக்கே அவள் சபதம் செய்தாள். செத்தாலும் அந்த மேட்டில் கால் வைக்கமாட்டேன், அவள் முகத்தில் விழிக்கமாட்டேன். சொன்னபடியே இருந்தாள். விறகுக்குப் போனாலும் சுற்றுவழியில் போவாள். அந்தப் பக்கம் வாழைத்தாறு பழுத்து வௌவால் தின்றாலும் தொடமாட்டாள்.

ஆனால் மேட்டுக்குப் போகாவிட்டால் என்ன, மேடு அவள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. தேங்காய் எண்ணெய் காய்ச்சி மஞ்சள் போட்டு வடித்தால் முதல் சிரட்டை மூத்தாளுக்கு. எமோரி அதைக் கொண்டுபோய்த் தன் கையால் கல்லின் தோள்வரை தடவிவிட்டு வருவான். வந்து சாப்பிட உட்கார்ந்தால் உனைசி அவன் கையைப் பிடித்து முகர்ந்து பார்ப்பாள். “முதுகெல்லாம் தடவியாச்சா? சுகமா இருந்துச்சாமா?” என்று கேட்டுவிட்டு மீன் வாலை அவன் இலையில் வைப்பாள். “தலை?” என்றால், “அங்க போய்க் கேளு” என்பாள். புதுக் கிழங்கு தோண்டினால் பெரியது அங்கே, அடிபட்டது இங்கே. தலைப்பிள்ளை பிறந்தபோதுகூட, குழந்தையை முதலில் மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்றார்கள். உனைசி குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு, “வேணும்னா அவ இறங்கி வந்து பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டாள். அவள் தூங்கும்போது எமோரி திருட்டுத்தனமாகத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தான். குழந்தை நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தது. ஒரு வாரம் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அண்ணன் என் வீட்டில்தான் சாப்பிட்டான்.

பெரும் புயல் அடித்த வருஷம் நடந்ததை அவள் எந்தச் சண்டையிலும் விட்டதில்லை. கூரை எழும்பி எழும்பி அடிக்கிறது. உனைசி நடுத்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். எமோரி கதவைத் திறந்துகொண்டு மேட்டுக்கு ஓடுகிறான். “கூரை பறக்குது, பொண்டாட்டி புள்ளை சாகக் கெடக்கு, இந்த மனுசன் அவளுக்குக் குளிருமேன்னு ஓடுறான்!” அவனைக் கேட்டால், “நீ தூணைப் புடிச்சுக்கிட்டே. அவளுக்குப் புடிக்க என்ன இருக்கு?” என்பான்.

எல்லாவற்றையும்விட அவளைச் சுட்டது விருந்தாளிகள். மூத்தாளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் எமோரி வீட்டுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, யங்கோனா வேரை அவன் முன்னால் வைத்து அனுமதி கேட்க வேண்டும். மூத்தாளுக்கு வாய் கிடையாது. அவளுக்கு வரும் வேரை வாங்குவதும், அவள் சார்பில் நாலு வார்த்தை பேசுவதும் அவள் புருஷன் வேலை. அவன் குவித்த கையைத் தட்டி வாங்கிக்கொண்டால் வந்தவர்கள் மேலே ஏறலாம். இறங்கி வந்தால் அவர்களுக்கு எலுமிச்சை இலை போட்ட தேநீரும் அவித்த மரவள்ளியும் கொடுக்க வேண்டும். கொடுப்பது உனைசி. தன் சக்களத்தியைப் பார்த்துக் களித்து வந்தவர்களுக்கெல்லாம் இவள் தேநீர் ஊற்றினாள்.

ஒருமுறை வெளிநாட்டுக்காரி ஒருத்தி கண் கலங்க இறங்கி வந்து, “எவ்வளவு அழகு! நீங்கள் கொடுத்து வைத்தவர்” என்றாள். என் மகன்தான் மொழிபெயர்த்தான். உனைசி தேநீரை நீட்டிக்கொண்டே சொன்னாள்: “சமைக்காம, துவைக்காம, புள்ளை பெறாம, ஒரே எடத்துல நின்னுக்கிட்டிருந்தா நானும் அழகாத்தான் இருப்பேன்னு சொல்லு.” அவன் அதை மொழிபெயர்க்கவில்லை.

நான் உனைசி கட்சி. காரணம் சொல்கிறேன். அந்த விருந்தாளிகள் வருவது என் லாரியில். ஆற்றுத்துறைவரை அவர்களைக் குலுங்காமல் கொண்டுவந்து சேர்ப்பவன் நான். பாதை போடச் சொல்லி அரசாங்க ஆபீஸில் வாசல் வாசலாக நின்றவன் நான். இறங்கியதும் அவர்கள் என்னிடம் வண்டி வாடகையைக் கொடுத்துவிட்டு, மடியில் வைத்திருந்த வேரைத் தூக்கிக்கொண்டு நேராக எமோரியின் ஓலை வீட்டுக்குப் போவார்கள். என் முன்னால் ஒருவனும் ஒரு வேர் நுனியை வைத்ததில்லை. எமோரி எனக்கு முன்னால் பிறந்ததைத் தவிர எதையும் சம்பாதித்தவன் இல்லை. எனக்குப் பொறாமை இருந்தது. இப்போதும் இருக்கிறது. பொறாமை இல்லாதவன் லாரி வாங்கமாட்டான்.

அப்புறம் எமோரிக்குச் சர்க்கரை வந்தது. காலில் புண் வந்தது, ஆறவில்லை. மூச்சு வாங்கியது. லபாசா ஆஸ்பத்திரிக்கு என் லாரியில்தான் கொண்டுபோனேன். மெத்தை போட்டு, மேடு பள்ளத்தில் ஆமை மாதிரி ஓட்டினேன். டாக்டர் என்னைத் தனியே அழைத்து, வீட்டுக்குக் கொண்டுபோங்கள், பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். அவ்வளவுதான். திரும்பி வந்து பாயில் படுத்த எமோரி, உனைசி காதில் விழும்படியே என்னிடம் சொன்னான்.

“தம்பி, எடத்தைக் கொஞ்சம் சுத்தம் பண்ணி வைடா. அப்பா பக்கத்துல. அவ காலடியில.”

எங்கள் குடும்பத்துப் புருஷன்மார் எல்லோரும் மூத்தாளின் காலடியில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் மேலும் ஆற்றுக் கூழாங்கல் அடுக்கியிருக்கும். இளையாள்மார் எல்லோரும் கீழே, வேதக்கோயில் தோட்டத்தில். இது தெரியாதவர் ஊரில் இல்லை. உனைசிக்கும் தெரியும். ஆனால் கல்யாணமான அன்று கேட்டதற்கும், புண் கழுவிய தண்ணீர்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா?

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். “உயிரோட இருக்கறப்ப பங்கு போட்டுக்கிட்டேன். செத்த பொறவு முழுசாத் தூக்கிக் குடுக்கணுமா? முடியாது.”

“வழக்கம்டி” என்றான் எமோரி.

“வழக்கத்தைத் தூக்கி ஆத்துல போடு. உன்னை என் பக்கத்துலதான் வைப்பேன்.”

முதலில் உபதேசியாரிடம் போனாள். ஞாயிற்றுக்கிழமை மூத்தாளைத் திட்டுகிறவர் அன்று செவ்வாய்க்கிழமை என்பதால் மென்று விழுங்கினார். “தோட்டத்துல எடம் இருக்கு உனைசி. ஆனா மேல கேட்காம நான் குழி வெட்டச் சொல்ல முடியாது” என்றார். அவர் சொன்ன ‘மேல’ வானமா மேடா என்று உனைசி கேட்டாள். அவர் வேதப்புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

மறுநாள் காலை என் வாசலில் வந்து நின்றாள். என் மனைவி கெலெரா கடையைத் திறந்து மாவு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் லாரிக்கு அடியில் இருந்தேன்.

“கொழுந்தனாரே, வெளிய வாங்க. வண்டிய எடுக்கணும்.”

“எங்க அண்ணி?”

“மேட்டுக்கு. அவகிட்ட கேக்கப் போறேன்.”

நான் வெளியே ஊர்ந்து வந்தேன். அவள் மடியில் மரப்பட்டைத் துணியில் சுற்றி ஏதோ வைத்திருந்தாள். பிரித்துக் காட்டினாள். திமிங்கிலப் பல். பழுப்பேறி, தேன் நிறத்தில், ஒரு சாண் நீளத்துக்கு. கயிறுகூடப் புதிது. லாவிலிருந்து அவள் தம்பி கப்பலில் கொடுத்தனுப்பியிருக்கிறான். எப்போது சொல்லி அனுப்பினாள் என்று யாருக்கும் தெரியாது. எமோரிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த அன்றே அனுப்பியிருப்பாள் என்பது என் கணக்கு.

அந்தப் பல்லை நீட்டி எதைக் கேட்டாலும் எங்கள் பக்கத்தில் கொடுத்துவிடுவார்கள். பெண் கேட்கலாம், மன்னிப்புக் கேட்கலாம், செத்தவனின் உடலைக்கூடக் கேட்கலாம். தள்ளிவிட முடியாது என்றில்லை. தள்ளியவனை ஊர் மறக்காது. ஆனால் மூத்தாளிடம் பல்லை நீட்டிப் புருஷனைக் கேட்டவள் எங்கள் தலைமுறைகளில் ஒருத்தியும் இல்லை.

“சரி அண்ணி. அவ சார்புல பதில் சொல்ல வேண்டியது அண்ணன். அண்ணனைப் பத்தி அண்ணனே எப்படிச் சொல்றது?”

“அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். அடுத்த முறை உங்களது. அவ வாயா நீங்க உக்காருங்க.”

எங்கள் வழக்கப்படி அண்ணனுக்குப் பின் தம்பி. தம்பிமார் தீர்ந்தால்தான் பிள்ளைகளுக்கு வரும். சரிதான். மூத்தாளின் வாயாக உட்காருவதற்குத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்! ஆனால் உட்கார்ந்து என்ன சொல்வது? அந்த வரிசையில் படுக்க வேண்டும் என்பது என் ஆசை. எமோரியை அவள் இழுத்துக்கொண்டு போனால் அந்த வரிசை அறுந்துபோகும். அறுந்த வரிசையில் எனக்கென்ன மரியாதை? பல்லைத் தள்ளிவிடுவது என்றுதான் வண்டியைக் கிளப்பும்போது நினைத்தேன்.

எமோரி தானும் வருவேன் என்றான்.

“நீ எதுக்கு? படு” என்றாள் உனைசி.

“ரெண்டு பொம்பளைங்க எனக்காகச் சண்டை போடப் போறீங்க. நான் பாக்காம யாரு பாக்கறது?”

அவனுடைய இரண்டு மகன்களும் அவனை நாற்காலியோடு தூக்கி லாரியில் வைத்தார்கள். மேட்டடி வரை லாரி, அதற்கு மேல் நாற்காலி. செய்தி பரவி ஊரே பின்னால் வந்தது. உபதேசியாரும் வந்தார். கீரை பறிக்க வந்தேன் என்றார்.

உனைசி வந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். கோயிலுக்குக் கட்டும் வெள்ளை உடை. தலைமுடியைக் கோதிக் கோதிக் குடை மாதிரி விரித்து, காதோரத்தில் ஒரு செம்பருத்தி. கைகால் எல்லாம் எண்ணெய். நாற்காலியில் ஆடிக்கொண்டே வந்த எமோரி, “நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு செஞ்சுக்கல” என்றான். “அன்னிக்கு அவ இருக்கான்னு தெரியாதே” என்றாள்.

மேட்டில் ஏறினதும் நாங்கள் எல்லோரும் வழக்கப்படி குனிந்து நின்றோம். உனைசி மட்டும் நிமிர்ந்து நடந்தாள். கல்லின் முன்னால் போய் நின்று, இடுப்பில் கை வைத்து, அடியிலிருந்து உச்சிவரை பார்த்தாள். பிறகு சுற்றி வந்தாள். பின்பக்கம் போய் வெகுநேரம் நின்றாள். காலை வெயிலில் மூத்தாள் எண்ணெய் பூசிய தோளோடு ஊரைப் பார்த்துச் சற்றே சாய்ந்து நின்றாள். அழகுதான். அன்று அதைச் சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை.

“இவளா?” என்றாள் உனைசி. “இடுப்பே இல்ல.”

குனிந்து அடியைப் பார்த்தாள். தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்து விரித்த பாய்கள் மக்கி மண்ணாகிக் கிடந்தன. கம்பளி நூல் மட்டும் மக்கவில்லை. சிவப்பும் பச்சையுமாக வேர்களுக்கிடையில் சுருண்டு கிடந்தது. அவள் ஒரு நூலை இழுத்தாள்.

“ஒரு பாயையாவது சுருட்டி வைக்கத் தெரியுதா பாரு! மழையில போட்டு நாசம் பண்ணியிருக்கா. குடித்தனம் நடத்தத் தெரியாதவகிட்ட போயி…”

“உனைசி, வந்த வேலையைப் பாரு” என்றான் எமோரி நாற்காலியிலிருந்து.

நான் கல்லின் வலப்பக்கம் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். முதுகில் கல்லின் குளிர்ச்சி பட்டது. வேறு எவனாவது உட்கார்ந்திருந்தால் நடுங்கியிருப்பான். முதலில் யங்கோனா வைக்கப்பட்டது, கை தட்டி வாங்கினேன். என் வாழ்நாளில் என் முன்னால் வைக்கப்பட்ட முதல் வேர். அடுத்து உனைசி முட்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் பல்லை ஏந்திக்கொண்டாள். பேச ஆள் வைத்துக்கொள்வதுதான் முறை. அவள் வைத்துக்கொள்ளவில்லை.

“அக்கா” என்று ஆரம்பித்தாள். கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். அத்தனை வருஷத்தில் மூத்தாளை அவள் அப்படி அழைத்ததே இல்லை. ஆனால் குரலில் பணிவு ஒன்றும் இல்லை.

“அக்கா, உனக்கு இந்த ஆளைக் காலையில மட்டும்தான் தெரியும். குளிச்சுட்டு, தலை சீவிக்கிட்டு, நல்ல பேச்சு பேசிக்கிட்டு வருவான். ராத்திரி குறட்டை எனக்கு. கடன்காரன் வந்தா ஒளிஞ்சுக்கிற ஆளு எனக்கு. பல்லுவலியில குழந்தை மாதிரி அழுதது எனக்கு. எண்ணெயும் பாயும் கிழங்கும் நீ வாங்கிக்கிட்டே. நான் கேட்டனா? கேட்டேன், சரி, தெனம் கேட்டேன். ஆனா புடுங்க வரல. இப்ப இந்தக் காலைப் பாரு. புண்ணு. ரெண்டு வேளையும் கழுவுறது நான். நீ ஒருநாள் கழுவியிருப்பியா? நாத்தம் தாங்குவியா நீ?”

அவள் பல்லை ஒருமுறை மடியில் இறக்கி மறுபடி ஏந்திக்கொண்டாள். பல் கனம் என்று நினைக்கிறேன்.

“நீ நிக்கறவ. எப்பவும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கப் போற. நிக்கறவளுக்குப் பக்கத்துல படுக்க ஆளு எதுக்கு? உன் காலடியில ஏற்கெனவே எத்தனை பேரு! எல்லாரும் எவளோ ஒருத்தி கழுவிக் குடுத்த ஆளுங்கதான். அவளுகளுக்குக் கேக்கத் தெரியல. எனக்குத் தெரியும். இவனை எனக்குக் குடு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எமோரி மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, உங்க விருப்பம் என்ன?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“என்னைக் கேக்காதடா. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் மத்தவ முதுகுல குத்துவா. சீக்கிரம் சொல்லு, கால் வலிக்குது.”

தள்ளிவிடலாம் என்று வந்தவன் நான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே தள்ள வரவில்லை. அதே சமயம் சும்மா தூக்கிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. சும்மா கொடுத்துப் பழகியவன் லாரிக்காரன் ஆக முடியாது. மூத்தாளின் குரலாக, கொஞ்சம் கனமாகவே பேசினேன்.

“கேட்டது காதில் விழுந்தது. இவனை நீ எடுத்துக்கிட்டா, என் காலடியில இவன் எடம் காலியாக் கெடக்குமே. எனக்கு என்ன குடுப்பே?”

உனைசி கண்ணிமைக்கவில்லை. “இந்தா, அடுத்தவன் உக்காந்திருக்கானே, லாரிக்காரன். அவனை எடுத்துக்க. இவனைவிடக் கனம். ரெண்டு ஆளு எடத்தை அடைப்பான்.”

மேடே அதிர்ந்தது. உபதேசியார் கீரைக்கூடையால் முகத்தை மூடிக்கொண்டார். எமோரி சிரித்த சிரிப்பு இருமலாகி, மகன்கள் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தப் பல்லை இரண்டு கையாலும் வாங்கினேன். மூன்று முறை கை தட்டினேன். “மூத்தாள் வாங்கிக்கிட்டா” என்றேன். வாங்கிய பிறகு மாற்ற முடியாது.

இறங்கும்போது உனைசி திரும்பி ஒருமுறை கல்லைப் பார்த்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். “பெரணியை வெட்டிவிடச் சொல்லணும். பேன் பிடிச்ச தலை மாதிரி இருக்கு” என்றாள்.

வீட்டுக்கு வந்து கெலெராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊரே என்னைப் பார்த்த பார்வையையும், என் குரல் எழுந்த விதத்தையும் சொன்னேன். கடைசியாக, “உனைசி என்னை மூத்தாளுக்குக் குடுத்துட்டா. நானும் வாங்கிக்கிட்டேன்” என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் நடத்தியவள். கத்துவாள், புல்வெளிக்கு ஓடுவாள், லாவுக்கு இல்லாவிட்டாலும் தன் அண்ணன் வீட்டுக்காவது பல் கேட்டு ஆள் அனுப்புவாள் என்று எதிர்பார்த்தேன்.

கெலெரா மாவு அளந்துகொண்டே கேட்டாள்: “எப்ப வந்து எடுத்துக்கறாளாம்?”

எமோரி அந்த வருஷத்துக் கரும்பு வெட்டு முடியும் முன்னே போய்விட்டான். உனைசி மடியில் தலை வைத்தபடி, பிடித்த நண்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு. கோயில் தோட்டத்தில், ஆற்றைப் பார்த்த இடத்தில் வைத்தோம். லாவிலிருந்து அவள் தம்பிமார் பாய்களோடு வந்தார்கள். ஒரு பாய்கூட மேட்டுக்குப் போகவில்லை. அத்தனையும் அவன் மேல்தான்.

இப்போது மூத்தாளின் புருஷன் நான். விருந்தாளிகள் சிமெண்டு வீட்டில் வந்து உட்கார்ந்து வேரை என் முன்னால் வைக்கிறார்கள். எமோரியைவிட நான் நன்றாகப் பேசுகிறேன் என்று வந்தவர்களே சொல்கிறார்கள். காலையில் எண்ணெய் எடுத்துக்கொண்டு ஏறுகிறேன். பெரணியை வெட்டினேன். அது மறுபடி வளர்ந்துவிட்டது. எல்லாம் கிடைத்தது. ஆனாலும் கோயில் தோட்டத்துப் பக்கம் போகும்போது எமோரியின் சமாதியைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மண்ணுக்குள் போன பிறகும் ஒருவனுக்கு இத்தனை கவனிப்பா!

ஏனென்றால், எல்லோரும் சமாதியைச் சுற்றிக் குரோட்டன் செடி நடுவார்கள். உனைசி ஒரே ஒரு பக்கம்தான் நட்டாள், மலைப்பக்கம். நெருக்கமாக, வேலி மாதிரி. போன வாரம் நான் மேட்டிலிருந்து இறங்கி வந்தபோது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

“கொழுந்தனாரே, அங்க நின்னு பாத்தீங்களா? இங்க தெரியுதா?”

“எங்க?”

“இவரு படுத்திருக்கற எடம். அவ நிக்கற எடத்துலேர்ந்து பாத்தாத் தெரியுதான்னு கேக்கறேன்.”

“பார்த்தேன் அண்ணி. செடி மறைச்சிருச்சு. ஒண்ணும் தெரியல.”

அவள் என்னை அடியிலிருந்து உச்சிவரை அளந்து பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியாது. அவ உங்களைவிட ஒரு ஆளு ஒசரம்” என்று சொல்லிவிட்டு அடுத்த குடத் தண்ணீரையும் வேரில் ஊற்றினாள்.